தலைதட்டி அளந்த பாஸ்டன் ஆசிரியை

வாசகர் கேள்வி – பதில்

பள்ளிகளில் மனையியல் பாடம் நுழைந்த கதையைச் சென்ற இதழில் சொன்னபோது, அமெரிக்காவின் ஃபேனி ஃபார்மரை 'மட்ட அளவுகளின் தாய்' (கப்பையும் கரண்டியையும் விளிம்போடு வழித்து, தலைதட்டி அளக்கச் சொன்னவர்) என்று ஒரே வரியில் கடந்து போயிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்தப் பக்கங்களை நிரப்பிவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: ஃபேனி ஃபார்மர் சமையல் புத்தகம் எழுதியவர்தானே? அவரை மனையியல் ஆசிரியைகளின் வரிசையில் வைப்பது எப்படி?
— கல்லூரி மாணவி, மதுரை

புத்தகம் பிற்பாடு வந்தது. வகுப்பறைதான் முதலில்.

1857 மார்ச் 23 அன்று பாஸ்டனில் பிறந்தவர். 16 வயதில் கைகால் முடங்கிப் படுத்துவிட்டார். படிப்பு அதோடு நின்றது. சில ஆண்டுகள் கழித்து எழுந்து நடந்தாலும் கால் கடைசிவரை சரியாகவில்லை. முப்பது வயதை ஒட்டித்தான் பாஸ்டன் சமையல் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். 1889இல் படிப்பை முடித்ததும் அங்கேயே துணைத் தலைமை. சில ஆண்டுகளில் தலைமை ஆசிரியை.

இந்தப் பள்ளி 1879இல் தொடங்கியது. வீட்டுப் பெண்களுக்குப் பலகாரம் சொல்லிக்கொடுக்கும் இடம் என்று எண்ண வேண்டாம். சமையல் கற்பிக்கும் ஆசிரியைகளை உருவாக்குவதும் அதன் வேலை. காலமும் அதற்கேற்றதாக இருந்தது. 1885இல் மேரி ஹெமன்வே என்ற செல்வந்தப் பெண்மணி தம் செலவில் பாஸ்டனில் பள்ளிச் சிறுமிகளுக்கென ஒரு சமையல்கூடம் அமைத்தார். 1888இல் நகரப் பள்ளி நிர்வாகமே அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே ஆசிரியைகள் தேவைப்பட்டார்கள்.

சிக்கலும் அங்கேதான் பிறந்தது. அம்மா மகளுக்குச் சொல்லித்தரும்போது 'இன்னும் கொஞ்சம் மாவு போடு' என்றால் போதும். பக்கத்திலேயே நின்று பதம் பார்த்துவிடுவாள். இருபது சிறுமிகள், ஒரு மணி நேரம், ஒரே ஆசிரியை என்றால் 'கொஞ்சம்' என்ற சொல் இருபது விதமாகப் போகும். ஒவ்வொரு மேசையிலும் ஒரே பண்டம் வர வேண்டுமானால் அளவு ஆசிரியையின் கண்ணில் இருந்து பயனில்லை, கரண்டியில் இருக்க வேண்டும். ஃபார்மர் தீர்த்துவைத்தது இந்த வகுப்பறைச் சிக்கலைத்தான்.

1896இல் பள்ளியின் பெயரைத் தாங்கி அவருடைய சமையல் நூல் வந்தது. விற்குமா என்று லிட்டில் பிரவுன் பதிப்பகத்துக்குச் சந்தேகம். முதல் 3,000 படிகளின் அச்சுச் செலவை ஆசிரியையே ஏற்க வேண்டும் என்றார்கள். ஏற்றார், பதிப்புரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். பிறகு அந்த நூல் விற்ற விற்பனைக்கு, தயங்கிய பதிப்பகத்தார் வருந்தியிருப்பார்கள். 1902இல் சொந்தப் பள்ளி தொடங்கினார். செவிலியர்களுக்கு நோயாளி உணவு கற்பித்தார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியிலும் அதே பொருளில் உரையாற்றினார். கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே வகுப்பெடுத்தவர், 1915 ஜனவரியில் காலமானார்.

கேள்வி: அவருக்கு முன்னால் யாருமே அளந்து சமைக்கவில்லையா?
— வாசகர், சேலம்

அளந்தார்கள். அதே பள்ளியின் முதல் தலைமை ஆசிரியை மேரி லிங்கன் 1884இல் வெளியிட்ட நூலிலேயே அளவு அட்டவணை இருக்கிறது. ஆனால் கரண்டியில் பொருள் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்பதில்தான் குழப்பம். கரண்டிக் குழிக்குள் எவ்வளவோ, மேலே மேடாகவும் அவ்வளவு என்பது ஒரு கணக்கு. கொள்ளும் மட்டும் குவிப்பது இன்னொரு கணக்கு. இவை போக உப்புக் கரண்டி என்று ஒரு குட்டிக் கரண்டி; நான்கு சேர்ந்தால் ஒரு தேக்கரண்டி. வெண்ணெய்க்கோ 'வால்நட் அளவு', 'முட்டை அளவு'. நம் சமையல் குறிப்புகளில் வரும் நெல்லிக்காய் அளவுப் புளிக்கு அவை ஒன்றுவிட்ட சகோதரிகள்.

ஃபார்மர் செய்தது மூன்றே வரிச் சட்டம். கப்பு என்றால் தலைதட்டிய கப்பு, மேசைக்கரண்டி என்றால் தலைதட்டிய மேசைக்கரண்டி, தேக்கரண்டியும் அப்படியே. நூல் முழுவதும் இதற்கு விலக்கே கிடையாது. நம்மூரில் படியால் நெல் அளந்த காலத்தில் தலைதட்டி அளப்பதா, கோபுரம் வைத்து அளப்பதா என்று களத்தில் எத்தனை சண்டை நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த மூன்று வரியின் அருமை உடனே விளங்கும்.

கேள்வி: தலைதட்டி அளப்பதில் அப்படி என்ன நுட்பம்? கப்பை முக்கி எடுத்து விரலால் வழித்தால் போதாதா?
— பேக்கரிப் பயிற்சி பெறுபவர், கோவை

போதாது. கேக் கெட்டுப்போகும் இடமே அந்த முக்கலில்தான்.

ஃபார்மர் வகுப்பின் முறை இது. மைதா, பொடித்த சர்க்கரை, ஆப்ப சோடா ஆகியவற்றை முதலில் சலிக்க வேண்டும். பேக்கிங் பவுடரும் கடுகுத் தூளும் டப்பாவில் இருந்து இருந்து அடியில் இறுகிவிடும். கரண்டியால் கிளறித் தளர்த்த வேண்டும். உப்பில் கட்டி இருந்தால் உடைக்க வேண்டும். பிறகு மாவைக் கரண்டி கரண்டியாகக் கப்பில் போட்டு, லேசாக மேடு கட்டியதும் கத்தியின் நேர் விளிம்பால் வழிக்க வேண்டும். இதற்கிடையில் கப்பைக் குலுக்கக் கூடாது, மேசையில் தட்டக் கூடாது, மாவை அமுக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? மாவில் பாதி காற்று. அவருடைய அட்டவணைப்படி சலித்த கேக் மாவு 4 கப்பு ஒரு பவுண்டு, அதாவது கப்புக்கு சுமார் 113 கிராம். அதே கப்பை மாவுப் பைக்குள் முக்கி எடுத்தால் 140 முதல் 150 கிராம் ஏறும். மேசையில் நாலு தட்டுத் தட்டி மேலும் நிரப்பினால் அதையும் தாண்டும். 3 கப்பு மாவு கேட்கும் கேக்கில் முக்கி அளந்தவர் 80 முதல் 110 கிராம் வரை கூடுதலாகப் போட்டிருப்பார். கிட்டத்தட்ட நாலாவது கப்பு! கேக் வறண்டு போய், நடுவில் வெடித்து, மறுநாளே உதிர்வதற்கு ஓவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

எல்லாக் குறிப்புகளும் சலித்த மாவைக் கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள். 'சலித்த மாவு 2 கப்பு' என்றால் சலித்துவிட்டு அளக்க வேண்டும். '2 கப்பு மாவு, சலித்தது' என்றால் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். சொல் இடம் மாறினால் மாவின் எடையும் மாறும்.

கரண்டிக்கும் இதே ஒழுங்குதான். பொருளுக்குள் கரண்டியை விட்டு நிறைத்துத் தூக்கி, கத்தியால் வழிக்க வேண்டும். அரைக் கரண்டி வேண்டுமா? வழித்த பின் காம்பிலிருந்து நுனி வரை நீளவாக்கில் கோடு போட்டு ஒரு பாதியைத் தள்ளிவிட வேண்டும். குறுக்கே வெட்டினால் இரண்டும் சமமாக வராது. கரண்டியின் வயிறு காம்புப் பக்கம் பெருத்தும் நுனிப் பக்கம் சிறுத்தும் இருக்கும். கால் கரண்டிக்கு, நீளவாக்கில் கிடைத்த பாதியைக் குறுக்கே வெட்ட வேண்டும். வெட்டுக் கோடு நட்ட நடுவில் விழாமல் ஒரு நூல் காம்புப் பக்கம் தள்ளி விழட்டும். அரைக்கால் வரை இப்படிப் போகலாம். அதற்கும் கீழே என்றால் 'சில பருக்கைகள்' என்பதே அவர் நூலின் பேச்சு.

வெண்ணெயைக் கப்பில் அமுக்கி, காற்று இல்லாமல் நிரப்பி வழிக்க வேண்டும். மாவுக்கு நேர் எதிர். கெட்டி வெண்ணெய் அமுங்காவிட்டால் இன்னொரு வழி: அரைக் கப்பு வேண்டுமானால் கப்பில் அரை அளவு குளிர்ந்த நீர் ஊற்றி, நீர் விளிம்பைத் தொடும்வரை வெண்ணெய்த் துண்டுகளைப் போட்டு முழுக விடுங்கள். பிறகு நீரை வடித்துவிடலாம். உள்ளே இருப்பது சரியாக அரைக் கப்பு.

முதலில் உலர்ந்தது, அடுத்து திரவம், கடைசியில் கொழுப்பு என்ற வரிசையில் அளந்தால் ஒரே கப்பு போதும், நடுவில் கழுவ வேண்டாம். இருபது மாணவிகளுக்குப் பாத்திரம் கழுவிய ஆசிரியைக்குத்தான் இந்த யோசனை வரும்.

கேள்வி: அமெரிக்கக் குறிப்பில் வரும் கப்பு எவ்வளவு? எங்கள் வீட்டு டம்ளரால் அளந்தால் என்ன கெட்டுவிடும்?
— குடும்பத் தலைவி, நாகர்கோவில்

ஃபார்மர் வகுப்பில் புழங்கியது, கால் பங்குகளும் மூன்றில் ஒரு பங்குகளும் கோடிட்ட தகரக் கப்பு. அரை பைண்டு கொள்ளும். அமெரிக்க அரை பைண்டு சுமார் 237 மில்லி. இன்று 240 என்று வைத்துக்கொள்கிறோம். ஆஸ்திரேலியக் குறிப்பு என்றால் கப்பு 250 மில்லி, அங்கே மேசைக்கரண்டி 20 மில்லி. மற்ற இடங்களில் 15. மின்சார அரிசிக் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப்பு பெரும்பாலும் 180 மில்லிதான். அதை வைத்துக் கேக் செய்துவிட்டுக் குறிப்பைத் திட்டுபவர்கள் உண்டு.

டம்ளரால் அளந்தால் கெடுமா என்பது என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இட்லிக்கு 4 டம்ளர் அரிசி, 1 டம்ளர் உளுந்து என்பது விகிதம். டம்ளர் பெரிதானால் இரண்டும் சேர்ந்தே பெரிதாகும், ஒன்றும் கெடாது. நம் பாட்டிமார் ஆழாக்கிலும் உழக்கிலும் கச்சிதமாகச் சமைத்ததன் ரகசியம் அதுதான். ஊருக்கு ஊர் படி சின்னப் படி, பெரிய படி என்று மாறினாலும் வீட்டுக்குள் ஒரே படி.

விகிதத்துக்குள் அடங்காத பொருள் ஒன்று நுழையும்போதுதான் வம்பு. கேக்கில் முட்டை எண்ணிக்கையில் வருகிறது. டம்ளருக்கேற்ப முட்டை பெருக்காது. பேக்கிங் பவுடர் கரண்டியில் வருகிறது. வெண்ணெயைக் கடையில் 100 கிராம் கட்டியாக வாங்குகிறீர்கள். கப்பு, எண்ணிக்கை, கிராம் மூன்றும் கலந்த குறிப்புக்கு 240 மில்லிக் கப்பு கட்டாயம். ஃபார்மர் அட்டவணையில் 9 முட்டை ஒரு பவுண்டு, அதாவது ஒன்று 50 கிராம். நம் கடை முட்டை அதைவிடச் சிறிதாக இருந்தால் 4 கேட்கும் இடத்தில் 5 உடைத்துக் கலக்கி, தேவையான எடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய கப்பு சரியா என்று பார்க்க: தராசில் வைத்துச் சுழியாக்கி, விளிம்பு வரை நீர் ஊற்றுங்கள். 240 கிராம் பக்கத்தில் காட்ட வேண்டும். மலிவான பிளாஸ்டிக் செட்டுகளில் 10, 15 கிராம் தவறுவது சகஜம்.

கேள்வி: பள்ளியில் மனையியல் பாடம் எடுக்கிறேன். அளவு பற்றி 40 நிமிடத்தில் மாணவிகள் கையாலேயே செய்து பார்க்கும்படி ஒரு வகுப்பு சொல்லுங்களேன்.
— ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

அடுப்பே வேண்டாம். 1 கிலோ மைதா, ஒரு கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் தராசு, 240 மில்லிக் கப்பு நான்கு, சல்லடை, கரண்டி, கத்தி அல்லது ஸ்டீல் ஸ்கேல், செய்தித்தாள். இவ்வளவுதான்.

வகுப்பை நான்கு குழுவாக்குங்கள். முதல் குழு கப்பை மாவுக்குள் முக்கி எடுத்து வழிக்கட்டும். இரண்டாவது குழு சலிக்காத மாவைக் கரண்டியால் போட்டு வழிக்கட்டும். மூன்றாவது, சலித்துக் கரண்டியால் போட்டு வழிக்கட்டும். நான்காவது குழு மூன்றாவதைப் போலவே செய்துவிட்டுக் கப்பைப் பத்து முறை மேசையில் தட்டி, மாவு இறங்கிய இடத்தை மறுபடி நிரப்பி வழிக்கட்டும். ஒவ்வொரு குழுவும் மூன்று தடவை அளந்து, எடையைக் கரும்பலகையில் எழுத வேண்டும். எழுதி முடிக்கும் வரை யாரும் விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

முதல் குழுவுக்கு 140–150 கிராம், இரண்டாவதற்கு 120–130, மூன்றாவதற்கு 110–115, நான்காவதற்கு 150ஐ ஒட்டி வரும். எண்களைவிடக் கவனிக்க வேண்டியது ஒவ்வொரு குழுவின் மூன்று எடைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பது. முக்கி எடுத்தவர்களின் எண்கள்தான் அதிகம் ஆடும். கையின் பலம் ஆளுக்கு ஆள் வேறு.

சொதப்பும் இடங்கள்: கப்பின் எடையைக் கழிக்க மறப்பது, கப்பைத் தராசின் மேலேயே வைத்து வழித்து, சிந்திய மாவையும் சேர்த்து நிறுப்பது, மழைக்காலத்தில் ஈரம் பிடித்த மாவைக் கட்டியோடு அளப்பது. நேரம் மிஞ்சினால் தூளுப்பைத் தலைதட்டி ஒரு தேக்கரண்டி, குவித்து ஒரு தேக்கரண்டி நிறுத்துக் காட்டுங்கள். தலைதட்டினால் 6 கிராம் அளவில் இருக்கும். குவித்தது அதைப்போல் இரண்டு மடங்கைத் தொடும். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மாவு வீணாகாது. சிந்தாததைச் சலித்து மறுநாள் பரோட்டாவுக்குக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: அளவெல்லாம் சரியாகத்தான் போடுகிறேன். ஆனாலும் கேக் நடுவில் எரிமலை மாதிரி வெடிக்கிறது.
— வாசகி, புதுச்சேரி

ஃபார்மர் காலத்துக் கரி அடுப்பு ஓவனில் டிகிரி பார்த்துத் திருக வசதி இல்லை. அதனால் அவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். வேகும் நேரத்தை நான்காகப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறார். 40 நிமிட கேக் என்றால் பத்துப் பத்து நிமிடம். முதல் காலில் கேக் எழும்பத் தொடங்க வேண்டும். இரண்டாம் காலில் எழும்பிக்கொண்டே மேலே நிறம் பிடிக்கத் தொடங்க வேண்டும். மூன்றாம் காலில் நிறம் ஏற வேண்டும். கடைசிக் காலில் உள்ளே வெந்து முடிந்து, ஓரம் தட்டை விட்டு விலக வேண்டும். இன்றைய ஓடிஜிக்கும் (வீட்டுச் சிறு மின் ஓவன்) இதைவிட நல்ல சோதனை கிடையாது.

உங்கள் கேக் முதல் பத்து நிமிடத்திலேயே சிவந்தால் சூடு அதிகம். மேலே ஓடு கட்டிவிட்ட பிறகு உள்ளே இருக்கும் மாவு எழும்ப வழியில்லாமல் நடுவைப் பிளந்துகொண்டு வருகிறது. 10 முதல் 20 டிகிரி குறையுங்கள். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி கேக்கின் தலைக்கு மிக அருகில் இருக்கும். கீழ்க் கம்பியை மட்டும் போட்டு, நிறத்துக்காகக் கடைசியில் மேல் கம்பியைப் போடலாம். பாதி நேரம் கடந்தும் நிறம் பிடிக்கவே இல்லையென்றால் சூடு போதவில்லை. அந்த கேக் கரடுமுரடாக வரும், நடுவில் அமுங்கவும் செய்யும். முதல் பாதியில் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் குமிழ்களின் சுவர் அப்போது வெந்து இறுகியிருக்காது.

தட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் மாவு ஊற்ற வேண்டாம். மூலை, ஓரங்களுக்குத் தள்ளிப் பரப்பி நடுவில் சிறு பள்ளம் விடச் சொல்வதும் அவர்தான். ஓரம் முதலில் வெந்து நின்றுவிடும், நடு கடைசிவரை எழும்பும். அந்தப் பள்ளம் கணக்கை நேர் செய்துவிடும்.

இத்தனையும் சரி, இன்னும் வெடிக்கிறது என்றால் மறுபடி மாவுக்கே வாருங்கள். கப்பை முக்கித்தானே எடுக்கிறீர்கள்?

கேள்வி: அந்தக் கால மேலைநாட்டு மனையியல் வகுப்பென்றாலே எல்லாவற்றின் மேலும் வெள்ளைச் சாஸ் ஊற்றுவதுதான் என்கிறார்களே?
— வாசகர், சென்னை

கேலியில் நியாயம் உண்டு. காய், மீன், முட்டை எது கிடைத்தாலும் வெள்ளைச் சாஸில் முக்கி, காரமும் மணமும் தலைகாட்டாமல் பார்த்துக்கொண்ட தலைமுறை அது. நம் நாக்குக்கு அது பத்தியச் சாப்பாடு. ஆனால் பாடமாக அது நல்ல தேர்வு: ஒரே வாணலி, பத்து நிமிடம், அதற்குள் கொழுப்பு, மாவுச்சத்து, சூடு மூன்றும் எப்படி நடந்துகொள்ளும் என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

2 மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, 2 மேசைக்கரண்டி மைதா சேர்த்துச் சின்னத் தீயில் ஒரு நிமிடம் கிளறுங்கள். பச்சை வாசனை போக வேண்டும், சிவக்கக் கூடாது. 1 கப்பு சூடான பாலை மூன்று பங்காக்கி ஊற்றுங்கள். ஒவ்வொரு பங்கும் வழவழப்பாகக் கலந்த பிறகே அடுத்தது. கால் தேக்கரண்டி உப்பு, இரண்டு சிட்டிகை மிளகுத்தூள். சூப்புக்கு வெண்ணெயும் மாவும் ஒவ்வொரு கரண்டி போதும். கட்லெட்டைப் பிடித்து நிறுத்த மூன்று நான்கு வேண்டும்.

கட்டி தட்டுவது ஏன்? சூடான திரவத்தில் உலர்ந்த மாவு விழுந்தால் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி, உள்ளே இருக்கும் மாவைப் பூட்டிவிடுகிறது. வெண்ணெய் ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பூசிவைத்தால் அது நடக்காது. ராகி மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு உலையில் ஊற்றுவதும் இதே காரணத்துக்குத்தான். அங்கே வெண்ணெய், இங்கே தண்ணீர்.

கேள்வி: நெல்லிக்காய் அளவுப் புளி என்பதையும் கரண்டிக் கணக்குக்குக் கொண்டுவர முடியுமா?
— வாசகி, திருநெல்வேலி

கரண்டிக்குப் புளி வராது. கொட்டை, நார், பழசு புதுசு எல்லாம் குறுக்கே நிற்கும். கிராமுக்குக் கொண்டுவரலாம். நீங்கள் வழக்கமாக உருட்டும் நெல்லிக்காயை நாலைந்து நாள் தொடர்ந்து நிறுத்து எழுதுங்கள். பெரும்பாலோருக்கு 10 முதல் 15 கிராமுக்குள் விழும். எலுமிச்சம்பழ அளவு என்றால் 25, 30. உங்கள் கை எண் தெரிந்துவிட்டால் வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மருமகளுக்கோ குழம்பு சொல்லித்தருவது எளிது. பழைய புளி கறுத்து, புளிப்போடு நிறமும் ஏற்றும். எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நேர்மையாகச் சொன்னால் மைதாவுக்கும் தராசுதான் மேல். ஃபார்மர் தலைதட்டியதோடு பாதி வழிதான் வந்தார். காற்றையும் சேர்த்து அளக்கும் குறை கப்புக்கு இன்றும் இருக்கிறது. ஆனால் அரைத் தேக்கரண்டி சோடாவை நிறுக்க அடுப்படித் தராசு உதவாது, இரண்டு கிராமில் அது தடுமாறும். அங்கே அவருடைய கரண்டிதான் ஜெயிக்கும். புளித்த மோர் ஒரு கப்புக்குத் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா சரி. குவித்துப் போட்டால் மிஞ்சிய சோடா கேக்கை மஞ்சளாக்கி, சவுக்கார வாடையைக் கொண்டுவந்துவிடும்.

கேள்வி: நோயாளி உணவும் கற்பித்தார் என்றீர்களே, அதிலும் இந்தக் கரண்டிக் கணக்கு உண்டா?
— செவிலியர், வேலூர்

அங்கேதான் அதிகம். நோயாளி உணவு பற்றிய நூலை 1904இல் வெளியிட்டார். சிறிய அளவு, சூடானது சூடாக, குளிர்ந்தது குளிர்ச்சியாக, தட்டைப் பார்த்தாலே பசி வரும்படி. இது அந்த வகுப்புகளின் அடிப்படை. நீரிழிவுக்கு இன்சுலின் வந்ததே 1922இல். அதற்கு முன் உணவுக் கட்டுப்பாடுதான் மருத்துவம் என்றானபோது, உள்ளே போனது எவ்வளவு என்று தெரியாமல் மருத்துவரால் என்ன செய்ய முடியும்?

இன்றைக்கு வீட்டில் தலைதட்டுவது உயிர் விஷயமாகும் இடம் ஒன்று உண்டு. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காத நேரத்தில் கலக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசல்: காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் நீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி தூளுப்பு. தேக்கரண்டி 5 மில்லி கொள்வதாக இருக்க வேண்டும். பாயசக் கரண்டியை எடுத்துவிடாதீர்கள். உப்பைக் குவித்துப் போட்டால் குழந்தையின் இரத்தத்தில் உப்பு ஏறி நிலைமை மோசமாகும். சர்க்கரை கூடினால் போக்கு அதிகமாகும். முதலில் உப்பை மட்டும் கரைத்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள்; கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம். பொட்டலம் கிடைத்ததும் அதற்கு மாறிவிடுங்கள். குழந்தை துவண்டு போனாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ கரைசலைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.